ஒன்றுமில்லை, வீட்டுப் பேச்சு: 35 சீட்டுகளில் ஒரு கொலையாளி

'பிராட்சர்ச்' என்ற இங்கிலாந்துத் துப்பறியும் தொடரின் முதல் பருவத்தை இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். கொலையாளியின் பெயரை மறைத்துக்கொண்டு இந்த ஆய்வை எழுத எனக்கு வழி தெரியவில்லை. கொலையாளி யாரென்று எங்கள் வீட்டில் வாராவாரம் ஊகித்துச் சீட்டெழுதினோம்: ஐந்து பேர், ஏழு வாரம், 35 சீட்டுகள். சரியான பெயர் இருந்தது இரண்டே இரண்டில். அந்த இரண்டையும் எழுதியவர் ஒருவர்தான். அவரும் ஐந்தாம் வாரம் பெயரை மாற்றிவிட்டார். அவர் ஏன் மாற்றினார், மற்ற நால்வருக்கும் அந்தப் பெயர் ஏன் நினைவுக்கே வரவில்லை என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

இடம், கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கூடம். நேரம், ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை. ஆட்கள்: நான், மனைவி, புதுச்சேரியில் சட்டம் படிக்கும் மகள், எங்களோடு இருக்கும் என் அத்தை, வாரம் தவறாமல் புதுச்சேரியிலிருந்து ஸ்கூட்டரில் வந்துவிடும் மச்சான். அத்தை தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மச்சான் மருந்துக்கடை வைத்திருக்கிறார். நான் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டியைப் பார்த்து, சொல்லப்படும் கதையும் நசுங்கிய தகடும் ஒத்துப்போகின்றனவா என்று எழுதிக் கொடுப்பது பிழைப்பு. என் தொழிலை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த ஆட்டத்தில் மிகவும் தலைக்கனத்தோடு உட்கார்ந்தவன் நான்தான்.

விதிகளை மகள் வகுத்தாள். வாரம் ஒரு பகுதிதான். இங்கிலாந்தில் ஐடிவி 2013 மார்ச் 4 முதல் ஏப்ரல் 22 வரை திங்கள்தோறும் ஒன்றாக எட்டுப் பகுதிகளை ஒளிபரப்பியது. நாமும் அப்படியே பார்க்க வேண்டும் என்றாள். போனில் தேடக் கூடாது. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கொலையாளியின் பெயரையும் காரணத்தை ஒரு வரியிலும் எழுதி, மடித்து, பண்ருட்டி முந்திரி வந்த பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போட்டுவிட வேண்டும். வாய்விட்டு வாதாடலாம், சீட்டை மட்டும் எட்டாம் வாரம்வரை திறக்கக் கூடாது. முதல் வாரம் அத்தை 'தெரிந்தவன்தான்' என்று மட்டும் எழுதினார். அது செல்லாது என்று மகள் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

வழக்கு இதுதான். இங்கிலாந்தின் தென்கரையில், டார்செட் பகுதியில், பிராட்சர்ச் என்று ஒரு கற்பனை ஊர். டேனி லாட்டிமர் என்ற 11 வயதுச் சிறுவன் செங்குத்தான பாறைக்குக் கீழே கடற்கரையில் பிணமாகக் கிடக்கிறான். விசாரிக்க வருகிறவர்கள் இருவர். வெளியூரிலிருந்து வந்த அலெக் ஹார்டி; நடித்தவர் டேவிட் டெனன்ட். உள்ளூர்ப் பெண் எல்லி மில்லர்; நடித்தவர் ஒலிவியா கோல்மன். செத்துப்போன பையனின் அம்மா எல்லிக்குத் தோழி. எல்லியின் மகன் டாம்தான் டேனியின் உயிர் நண்பன். அந்தப் பாறையை முதன்முதலாகத் திரையில் பார்த்ததும், "கடலோரத்தில் இப்படி ஒரு சுவரா?" என்று அத்தை வியந்துபோனார். நமக்குத் தெரிந்த கடற்கரை தேவனாம்பட்டினம். அங்கே உட்கார்ந்து எழுந்தால் வேட்டியில் மணல் ஒட்டும், அவ்வளவுதான். மேலே இருந்து விழுவதற்கு இடம் ஏது? படம் பிடித்தது வெஸ்ட் பே என்ற ஊரில். அந்த மஞ்சள் பாறை நிஜப் பாறை.

முதல் வாரம் நான் ஜெயித்தேன். பையன் பாறையிலிருந்து விழுந்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, மேல்விளிம்பைக் காட்டிய காட்சியிலேயே, "விழவில்லை, கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்" என்று சொல்லிவிட்டேன். விளிம்பில் மண் கலையவில்லை. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கரையேறிய பிறகு மரம் விழுந்து நசுங்கிய கார்கள் எத்தனையோ பார்த்தாயிற்று. அவற்றில் ஒன்றின் கூரைமேல் கிடந்த வேப்பங்கிளையின் அடிப்பக்கம் ரம்பத்தால் அறுத்தது போல வழவழவென்று இருந்தது. காற்று முறித்த கிளை அப்படி இருக்காது. நார் நாராகப் பிய்ந்திருக்கும். சில நிமிடங்களில் திரையில் போலீசும் நான் சொன்னதையே சொல்ல, மச்சான் என் முதுகில் தட்டினார். அந்தத் தட்டல்தான் கெடுத்தது. எப்படி நடந்தது என்று தெரிந்தவனுக்கு யார் செய்தது என்றும் தெரிந்துவிடும் என்ற நினைப்போடு அடுத்த ஆறு வாரமும் உட்கார்ந்திருந்தேன்.

என் சீட்டுகளைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் மார்க், டேனியின் அப்பா. அன்று இரவு எங்கே இருந்தான் என்று கேட்டால் மழுப்புகிறான். கொலை நடந்த குடிசையில் அவனுடைய கைரேகை வேறு. மூன்றாம் வாரத்தில் அவிழ்ந்தது: அவன் இருந்தது ஓட்டல் நடத்தும் பெக்காவோடு. வேறு தப்பு, கொலை அல்ல. பிறகு மார்க்கோடு வேலை செய்யும், அவனுக்காகப் பொய் சொன்ன நைஜ். ஒரு வாரம் மட்டும், நாயோடு வாகன வீட்டில் தனியாக இருக்கும் சூசன். திரும்பவும் நைஜ், கடைசிவரை நைஜ். கடைசியில் சூசனே வாக்குமூலம் தருகிறாள்: அன்று இரவு கடற்கரையில் பிணத்தைப் போட்டவன் நைஜ் என்று, தூரத்திலிருந்து பார்த்ததாக. அப்போது நான் மீசையை முறுக்காத குறை.

இந்த இடத்தில் எனக்கு மன்னிப்பே கிடையாது. சோடியம் விளக்கின் கீழ் சிவப்பு வண்டியும் பழுப்பு வண்டியும் ஒன்றுபோலத் தெரியும் என்பது என் தொழிலில் பாலபாடம். 'இடித்துவிட்டுப் போனது நீல வண்டி, நான் கண்ணால் பார்த்தேன்' என்று ராத்திரி நேரத்து சாட்சி சத்தியம் செய்தாலும் பெயின்ட் உரசலைத்தான் நம்புவோம். இருட்டில், தூரத்தில், மழித்த தலையோடு நல்ல உடம்புக்கட்டுள்ள ஒருவன். அந்த ஊரில் அப்படி ஒரு தலை மட்டும்தானா இருக்கிறது என்று நான் கேட்டிருக்க வேண்டாமா? வாராவாரம் வேறொரு மொட்டைத் தலை திரையில் வந்து போய்க்கொண்டுதான் இருந்தது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

மச்சானின் முறைக்கும் துப்புக்கும் சம்பந்தமில்லை. "மாப்பிள்ளை, இவ்வளவு பெரிய நடிகரைச் சும்மா கடையில் உட்காரவைக்கக் கூட்டிவந்திருப்பார்களா?" என்பார். பத்திரிகைக் கடை நடத்தும் ஜாக் மார்ஷலாக வந்த டேவிட் பிராட்லியைத்தான் சொல்கிறார்; மந்திரப் பள்ளிப் படங்களில் சிடுமூஞ்சிக் காவலாளியாக வந்த முகம். முதல் வாரத்திலிருந்தே ஜாக். ஜாக்கின் பழைய தண்டனை வெளியே வருகிறது, ஊர் திரண்டு அவர் கடை வாசலில் நிற்கிறது, ஐந்தாம் பகுதியின் முடிவில் அவர் பிணமாகக் கிடக்கிறார். அந்த வாரமும் மச்சான் சீட்டில் ஜாக்தான். காரணம் என்ற இடத்தில் 'செத்தாலும் இவன்தான்' என்று எழுதியிருந்தார். டேனியின் சாவில் அந்த மனிதருக்கு ஒரு பங்கும் இல்லை. திரையில் ஊர் செய்ததை நம் கூடத்திலும் ஒருவர் செய்துகொண்டிருந்தார் என்று பின்னால் மகள் சொன்னபோது மச்சான் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். நடிகர் கணக்கு முழுக்க வீண் என்றும் சொல்ல மாட்டேன். அவர் வெறுமனே வரவில்லைதான். அந்தப் பாத்திரத்துக்கு பிராட்லியும், எல்லிக்கு கோல்மனும் 2014இல் பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கினார்கள். கனமான வேடத்தைக் கொலையாளியின் வேடம் என்று மச்சான் எடுத்துக்கொண்டார்.

முகத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. இந்தத் தொடரை எழுதிய கிறிஸ் சிப்னல் ரகசியத்தைப் பூட்டிவைத்திருந்தார். நடிகர்களில் பெரும்பாலோருக்குப் படப்பிடிப்பின் கடைசிக் கட்டம்வரை கொலையாளி யாரென்று தெரியாது. தெரியாதவர் எப்படித் திருட்டு முழி முழிப்பார்? நாம் உற்று உற்றுப் பார்த்த முழியெல்லாம் நாமே வைத்ததுதான்.

மகளின் சீட்டுகளில் முதல் இரண்டும் டாம். முதல் பகுதியிலேயே பையன் தன் போனிலும் கணினியிலும் இருந்த செய்திகளை அழிக்கிறான். அழிப்பவன் மறைக்கிறான் என்பது அவள் வாதம். பிறகு, இறந்தவர்களோடு பேசுகிறேன் என்று வரும் டெலிபோன்காரர் ஸ்டீவ். பிறகு பாதிரியார் பால். டாமை அவள் விட்டதற்குக் காரணம், "சின்னப் பையனைக் கொலையாளி ஆக்கும் தைரியம் டிவிக்கு இருக்காது." இதே கதையை அமெரிக்காவில் ஃபாக்ஸ் நிறுவனம் 2014இல் 'கிரேஸ்பாயின்ட்' என்று பத்துப் பகுதிகளாக எடுத்தது, டெனன்ட்தான் அதிலும் துப்பறிபவர். முடிவை மாற்றிவிட்டார்கள். அங்கே டேனியின் சாவுக்குக் காரணம் டாம், கைதவறி. டாமின் அப்பா அதை மறைக்கிறார். என் மகளின் முதல் சீட்டு இங்கிலாந்தில் தப்பு, அமெரிக்காவில் சரி. சட்டம் படிக்கிறவளுக்கு இதைவிட நல்ல பாடம் வகுப்பில் கிடைக்காது.

இனி அத்தை. அத்தையின் ஏழு சீட்டுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் என் சீட்டுகளின் நகல் போல இருந்தன: மார்க் இரண்டு, நைஜ் ஐந்து. நான் ஒரு வாரம் சூசன் பக்கம் போனபோது மட்டும் அவர் வரவில்லை. சொந்த மூளை இல்லாதவரா அத்தை? நாற்பது பிள்ளைகளில் யார் வீட்டுப்பாடத்தை யாருடையதைப் பார்த்து எழுதினார்கள் என்று கையெழுத்தைப் பார்க்காமலே சொன்னவர். டப்பாவைத் திறந்து சீட்டுகளைத் தரையில் பரப்பிய அன்று இதுதான் என்னை உறுத்தியது. காரணம் புரிய இரண்டு நாள் ஆயிற்று.

அத்தைக்கு ஆங்கிலம் தெரியாமல் இல்லை. ஆனால் கண்புரை அறுவைக்குப் பிறகு, அடியில் ஓடும் சின்ன எழுத்துகளைத் துரத்திப் படிக்க முடியாது. ஹார்டி பேசும் ஸ்காட்லாந்து ஆங்கிலமோ எங்களுக்கே எழுத்தைப் பார்த்தால்தான் விளங்கும். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லும் வேலை என்னுடையது. ஏழு வாரமும் அத்தை பார்த்த தொடர், என் வாய் வழியாக வந்த தொடர். மார்க் பேசினால் நான் குரலைத் தாழ்த்திச் சந்தேகத்தோடு சொன்னேன். நைஜ் பேசினால் ஒரு 'பார்த்தீர்களா' சேர்த்தேன். எனக்குச் சந்தேகம் இருந்த ஆள் தமிழில் வாய் நிறையப் பேசினார். இல்லாத ஆள் சுருங்கினார்.

எல்லியின் கணவன் ஜோ. ஆம்புலன்சில் மருத்துவ உதவியாளராக இருந்து வேலையை விட்டவன். மனைவி போலீஸ் வேலைக்குப் போக, வீட்டில் இருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்கிறான். அவன் வரும் காட்சி சமையலறை, சோபா, படுக்கை. அவன் பேசும்போதெல்லாம் அத்தை என் பக்கம் திரும்பி, "என்ன சொல்கிறார்?" என்பார். நான், "ஒன்றுமில்லை அத்தை, வீட்டுப் பேச்சு" என்பேன். அந்த இடைவெளியில் தண்ணீர் குடிப்பேன், முந்திரி எடுப்பேன். மகள் ஒருமுறை தன் போனில் குறித்துவைத்திருந்தாள், வேடிக்கைக்காக: நான்காம் பகுதியில் மட்டும் நான் அதை மூன்று தடவை சொல்லியிருக்கிறேன்.

கொலையாளி ஜோ. எட்டாம் பகுதியில், ஹார்டி டேனியின் போன் சமிக்ஞையைப் பின்தொடர்ந்து போகிறார். அது கொண்டுபோய் நிறுத்துவது தன் சக அதிகாரியின் வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில். மகனின் நண்பனோடு ரகசியமாகச் சந்திப்புகள், பையன் கையில் 500 பவுண்டு, பையன் விலகப் பார்த்ததும் கழுத்தை நெரித்தல், பிணத்தைப் படகில் கொண்டுபோய்ப் பாறைக்குக் கீழே போடுதல். இருட்டில் சூசன் பார்த்த மழித்த தலை இவனுடையது. இரவில் யாரோ துணிமூட்டையைக் குப்பையில் திணித்ததைக் கண்டவள் எல்லியின் சொந்தச் சகோதரி. எல்லாம் அந்த ஒரு வீட்டைச் சுற்றியே இருந்தது. உறவுக்காரர் வண்டி அடிபட்டால் நான் சர்வேக்குப் போக மாட்டேன். வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிடுவேன். செத்த பையனின் குடும்பத்தோடு இத்தனை நெருக்கமான ஒருத்தி அந்த வழக்கையே விசாரிக்கிறாள் என்பது முதல் வாரமே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். அவள் நல்லவளாக இருந்ததால் உறுத்தவில்லை.

என் மனைவி மூன்றாம் வாரச் சீட்டில் எழுதியிருந்தது: 'ஜோ. அன்றிரவு எங்கே இருந்தாய் என்று எல்லோரையும் கேட்டாயிற்று, இவரை மட்டும் கேட்கவில்லை.' நான்காம் வாரம்: 'ஜோ. போன வாரம் எழுதியதுதான்.' இதைவிடச் சுத்தமான காரணத்தை நான் இருபது வருட ரிப்போர்ட்டில் எழுதியதில்லை. தொடர் முழுவதும் யாருக்கு என்ன அலிபி என்பதே பேச்சு; கேள்வி விழாத இடம் ஒன்றுதான். நான்காம் வாரம் அவள் அதை வாய்விட்டும் சொன்னாள். நான் சிரித்தேன். "பிள்ளைக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருக்கிறான், அவனைப் போயா?" என்றேன். மச்சானும் சிரித்தார். மச்சான் அவளுக்கு அண்ணன்; அவர் சிரித்தது கூடுதலாக வலித்திருக்கும்.

ஆனால் எங்கள் சிரிப்பால் அவள் பெயரை மாற்றவில்லையாம். கேட்டேன். அடுப்பில் தோசை திருப்பிக்கொண்டே சொன்னாள்: "உங்கள் சிரிப்புக்கெல்லாம் மாற்றுவேனா? அந்த எல்லிக்காக மாற்றினேன். அவள் ஒருத்திதான் அந்த ஊரில் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுக்கிறாள், அழுகிறவர்களைத் தட்டிக் கொடுக்கிறாள். அவள் தலையில் இதைப் போட எனக்கு மனம் வரவில்லை." ஐந்தாம் வாரம் பாதிரியார், ஆறாம் வாரம் சூசன், ஏழாம் வாரம் நைஜ் என்று அவள் அலைந்தது அதனால். துப்புக் கிடைக்காமல் மாறியவர்கள் நாங்கள். துப்பைக் கையில் வைத்துக்கொண்டு, அது உண்மையாக இருக்கக் கூடாது என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டவள் அவள். இதைத் தோல்வி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. தொடரை எழுதியவர் ஒளித்துவைத்த இடமே அதுதான் என்று நினைக்கிறேன்: கொலையாளியை இருட்டில் வைக்காமல், நமக்குப் பிடித்துப்போன ஒருத்தியின் முதுகுக்குப் பின்னால் நிறுத்திவைத்தார்.

ஒளித்தார் என்று சொல்வதுகூட முழுக்கச் சரியில்லை. ஏழாம் பகுதியில் அவர் நம் கையிலேயே கொடுத்துவிட்டார். சூசனின் கணவன் சொந்த வீட்டுக்குள்ளேயே மகளுக்குச் செய்த கொடுமை வெளியே வருகிறது. தனக்குத் தெரியாது என்கிறாள் சூசன். எல்லி நம்பாமல் கேட்கிறாள்: உனக்கு எப்படித் தெரியாமல் இருந்திருக்கும்? இந்த வரியை நான் அத்தைக்கு முழுசாக, அழுத்தம் திருத்தமாகச் சொன்னேன். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேள்வி கேட்டவள் பக்கம் அது திரும்பும் என்று ஐவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்று எழுதிய சீட்டுகளில் மூன்றில் நைஜ், இரண்டில் பாதிரியார். அடுத்த வாரம், டேனியின் அம்மா பெத் அதே கேள்வியை அதே சொற்களில் எல்லியிடம் கேட்டபோது கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

2022இல் வந்த 'சுழல்' தொடரை, மயானக் கொள்ளை வருகிறது என்பதற்காகவே எங்கள் வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம். மேல்மலையனூர் நமக்குப் பக்கம். திருவிழாவை அவர்கள் எப்படி எடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க ஆசை. அப்போது யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அத்தை பாதியிலேயே, வீட்டு ஆள்தான் என்றார், சரியாகத்தான் இருந்தது. அதை நான் மறந்தே போயிருந்தேன். முதல் வாரம் இங்கே அவர் எழுதி, செல்லாது என்று திரும்பி வந்த அந்தச் சீட்டு, 'தெரிந்தவன்தான்' என்பது, இப்போது என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

எட்டாம் பகுதி முடிந்து, டப்பாவைக் கவிழ்த்து, சீட்டுகளை எண்ணி, மச்சான் கிளம்பிப் போன பிறகு அத்தை படுக்கப் போகவில்லை. நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"ஏனப்பா, ஏழு வாரமும் நீ எனக்குச் சொன்னது பொழிப்புரை."

"ஆமாம் அத்தை."

"நான் பதவுரை கேட்டேன்."

மணி பதினொன்று இருக்கும். முதல் பகுதியை மறுபடி போட்டேன். மற்ற காட்சிகளை ஓட்டிவிடச் சொன்னார். ஜோ வாயைத் திறக்கும் இடம் வந்ததும் கையைத் தூக்கினார், நிறுத்தினேன். கொஞ்சம் பின்னால் தள்ளி, ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொன்னேன். அத்தை காதைத் தந்து கேட்டார். குழந்தை, சாப்பாடு, மகன், தூக்கம்.

வீட்டுப் பேச்சுத்தான். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.